மணமெழுகும் புகையும்: அறிவுரைத் தாள்கள் பற்றி ஒரு திறனாய்வு

புகை நமக்குப் புதிதன்று. விறகடுப்பின் புகை, சாம்பிராணிப் புகை, கொசுவர்த்திச் சுருளின் புகை, கற்பூரம் எரியும்போது எழும் கரிப்புகை எனப் பல புகைகளோடு நாம் வாழ்ந்து வருகிறோம். ஆனால் புகையவே கூடாத ஒரு பொருள் புகைந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கிறோம். வாக்ஸ் மெல்ட் என்று கடைகளில் விற்கப்படும் மணமெழுகு அத்தகைய பொருள்.

இது திரி இல்லாத மெழுகுக் கட்டி. வாசனை எண்ணெய் கலந்தது. வார்மர் எனப்படும் பீங்கான் கிண்ணத்தில் இதை இட்டு, கீழே டீலைட் எனும் சிறு தட்டை மெழுகுவர்த்தியை ஏற்றியோ, மின்சாரத்தாலோ சூடாக்குவர். மெழுகு உருக வேண்டும்; ஆனால் எரியக் கூடாது. அதில் கலந்துள்ள எண்ணெய் மட்டும் மெல்ல ஆவியாகி அறையில் பரவ வேண்டும். மணம் தீர்ந்த பின்னும் மெழுகு ஏறத்தாழ அப்படியே கிண்ணத்தில் மிஞ்ச வேண்டும். இதுவே கருவியின் தத்துவம். எனவே புகை கிளம்பினால் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று பொருள்.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை வீடுகளிலும் இக்கருவி இப்போது இடம்பெறத் தொடங்கியுள்ளது. பெட்டியைத் திறந்தால் உள்ளே மடித்து வைத்த ஒரு தாள் இருக்கும். பயன்படுத்தும் முறையையும், புகை வந்தால் செய்ய வேண்டியதையும் அது கூறும். நூல்களைத் திறனாய்வு செய்வது போல, இத்தகைய தாள்களைத் திறனாய்வு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இவ்வளவு சிறிய தாளுக்குத் திறனாய்வா என நீங்கள் கேட்கலாம். ஒரு வீட்டில் அறிவியல் நூல் ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம். கருவியோடு வந்த தாள் கட்டாயம் இருக்கும். பலர் படிக்கும் அறிவியல் எழுத்து அது ஒன்றுதான். மேலும், நெருப்பைப் பற்றிய எழுத்தில் பிழை இருந்தால் கை சுடும்.

தாள்கள் என்ன சொல்கின்றன?

நான் படித்த தாள்கள் சிலவற்றில் நல்ல செய்திகளும் உண்டு. தொடர்ந்து பல மணி நேரம் எரிய விடாதீர், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், திரைச்சீலைக்கு அருகில் வேண்டா என்பவை அவை. இவற்றில் குறை காண ஏதுமில்லை. புகை என்ற இடத்துக்கு வரும்போதுதான் எழுத்து தடுமாறுகிறது. மெழுகைக் குறைத்து இடுங்கள் என்கிறது ஒரு தாள். மெழுகைக் கூட்டி இடுங்கள் என்கிறது இன்னொன்று. சில துளி நீர் விடச் சொல்கிறது மூன்றாவது. ஏன் என்று எதுவும் சொல்லவில்லை.

இம்முரண்பாட்டின் வேர் ஒன்றே. எல்லாத் தாள்களும் புகை என்னும் ஒரே சொல்லால் நான்கு வேறு பொருள்களைக் குறிக்கின்றன. காய்ச்சல் என்று மட்டும் கேட்டு மருந்து தருவதற்கு இது ஒப்பாகும். எந்தப் புகை என்று கேட்காத அறிவுரை, சில வேளைகளில் தற்செயலாகப் பலிக்கும். வேறு வேளைகளில் தீங்கு செய்யும்.

ஃபாரடே கேட்ட கேள்வி

மெழுகின் புகையைப் பற்றி எப்படி எழுத வேண்டும் என்பதற்கு நமக்கு ஒரு முன்மாதிரி உண்டு. 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக ஒரு மெழுகுவர்த்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். வில்லியம் குரூக்ஸ் அவற்றைத் தொகுத்து 1861-இல் நூலாக வெளியிட்டார். அந்நூலின் சிறப்பு, அது எதையும் ஆணையாகச் சொல்வதில்லை என்பதே. இது எங்கிருந்து வருகிறது, இது என்ன பொருள் என்று கேட்டு, கண் முன்னே செய்து காட்டுகிறது.

அவர் காட்டியவற்றுள் இரண்டு நமக்கு இங்கு வேண்டும். முதலாவது: மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதி அணைத்தால் திரியிலிருந்து வெண்புகை எழும். எரியும் குச்சியைத் திரியிலிருந்து சற்றுத் தள்ளி அப்புகையில் காட்டினால், சுடர் புகை வழியே பாய்ந்து திரியை மீண்டும் பற்ற வைக்கும். இரண்டாவது: சுடரின் நடுவிலுள்ள இருண்ட பகுதியில் வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையை வைத்தால், ஆவி அதன் வழியே வெளிவந்து குடுவையில் குளிர்ந்து மெழுகாகப் படியும்.

இவற்றிலிருந்து அறிவது யாது? அந்த வெண்புகை சாம்பலும் அன்று, கரியும் அன்று. ஆவியாகிக் குளிர்ந்த மெழுகே. மெழுகாதலால் அது எரிபொருள். உங்கள் கிண்ணத்தின் மேல் வெண்புகை மிதக்கும்போது, கீழே டீலைட் எரிந்துகொண்டிருக்கிறது என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள். எந்தத் தாளும் சொல்லாத செய்தி இது.

ஃபாரடேயின் நூலும் நமக்கு முழுமையாகப் போதாது. அது சுடரைப் பற்றிய நூல். சுடரின்றிச் சூடாகும் மெழுகு அதன் பொருளன்று. அதைக் கேட்டவர்கள் லண்டனின் குளிர்காலத்தில் அமர்ந்திருந்தவர்கள். சித்திரை மாதத்துப் பாளையங்கோட்டை வேறு உலகம். அதற்குப் பின்னர் வருவோம்.

நான்கு புகைகள்

முதலாவது, மேலே கண்ட வெண்மூட்டம். மெழுகு அளவுக்கு மேல் சூடானால் மெழுகின் ஆவியும் எண்ணெயின் ஆவியும் மிகுதியாக எழுந்து, மேலே உள்ள குளிர்ந்த காற்றில் நுண்துளிகளாக உறைகின்றன. குற்றவாளி வெப்பநிலை.

இரண்டாவது, கரும்புகை. இது கிண்ணத்திலிருந்து வருவதன்று. கீழே உள்ள சுடரிலிருந்து வருவது. மெழுகின் ஆவி முழுதும் எரியக் காற்று போதாவிட்டால் கார்பன் துகள்கள் எரியாமல் தப்பிவிடும். திரி நீண்டிருந்தாலும், கூட்டின் காற்றுத் துளைகள் சிறியனவாயிருந்தாலும், காற்றில் சுடர் ஆடினாலும் இவ்வாறு நேரும். சுடரின் நுனி கிண்ணத்தின் அடியைத் தொட்டாலும் போதும். பீங்கான் சுடரைக் குளிர்வித்துவிட, கரி அடியில் அப்பிக்கொள்ளும். பழைய கோயில் மண்டபங்களின் கற்கூரையில் எண்ணெய் விளக்குகளால் படிந்திருக்கும் கருமை இதே பொருள்தான்.

மூன்றாவது, தொண்டையைக் கரிக்கும் மெல்லிய நீலப்புகை. இது சிதைவின் அறிகுறி. கிண்ணத்தில் விழுந்த தூசியும், அழகுக்காக மெழுகில் பதித்த பூவிதழும், ஐப்பசி மழைக்குப் பின் விளக்கை நாடி வரும் ஈசலின் சிறகும் கருகுவதால் வரும். சோயா மெழுகு தாவர எண்ணெயிலிருந்து செய்யப்படுவது. அது மிகையாகச் சூடேறினால், அதிலுள்ள கிளிசரால் பகுதி சிதைந்து அக்ரோலின் என்னும் காரமான பொருள் உண்டாகும். வாணலியில் எண்ணெய் காய்ந்து புகையும்போது கண் எரிவதற்கும் அதுவே காரணம். நிறத்துக்கு இயற்பியலில் விளக்கம் உண்டு. ஒளியின் அலைநீளத்தைவிட மிக நுண்ணிய துகள்கள் நீல ஒளியையே மிகுதியாகச் சிதறச் செய்கின்றன. பெரிய துளிகள் எல்லா நிறங்களையும் சிதறச் செய்வதால் வெண்மையாகத் தோன்றுகின்றன.

நான்காவது, வெறும் நீராவி. கழுவிய கிண்ணத்தைத் துடைக்காமல் மெழுகை இட்டால் சடசடவென்ற ஒலியோடு சிறிது நேரம் எழுந்து மறையும்.

இவற்றைப் பிரித்தறிய ஆய்வுக்கூடம் வேண்டா. எவர்சில்வர் டம்ளர் ஒன்றில் மண்பானைத் தண்ணீரை நிரப்பி, கிண்ணத்துக்கு ஒரு சாண் உயரத்தில், சிறிது பக்கவாட்டில், ஒரு நிமிடம் பிடியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டா. காற்றிலுள்ள ஈரமே அதன்மேல் பனித்துக் குழப்பும். டம்ளரின் அடியில் நகத்தால் சுரண்டக்கூடிய வெண்பிசுக்கு படிந்தால் மெழுகு ஆவி. விரலில் கருமை ஒட்டினால் கரி. ஈரம் மட்டும் படிந்து உலர்ந்தால் நீர். ஒன்றும் படியாமல் தொண்டை மட்டும் கரித்தால் கிண்ணத்தில் ஏதோ கருகுகிறது. இவ்வளவு எளிய சோதனையை ஒரு தாளும் கூறாதது வியப்பே.

நம் ஊர் அறை

தாள்களின் இரண்டாவது பெருங்குறை, அவை எந்த அறைக்கு எழுதப்பட்டவை என்பதைச் சொல்லாமை. இதைச் சிறு கணக்கால் காண்போம்.

சூடேற்றும் கருவி குறிப்பிட்ட வெப்பநிலையை நேராகத் தருவதில்லை. அறையின் வெப்பநிலைக்கு மேல் குறிப்பிட்ட அளவு உயர்வைத்தான் தருகிறது. 20 பாகை செல்சியஸ் அறையில் மெழுகு 65 பாகையில் நிற்கிறது என்று கொள்வோம். உயர்வு 45 பாகை. அதே கருவியைக் கோடையில் 35 பாகை உள்ள நம் அறையில் வைத்தால், மெழுகு ஏறத்தாழ 80 பாகையை எட்டும். இந்த 15 பாகை சிறிது என எண்ண வேண்டா. லாவெண்டர் மணத்தின் முக்கியப் பகுதியான லினலூல் போன்ற பொருளின் ஆவியழுத்தம், 65-லிருந்து 80 பாகைக்கு உயரும்போது இரு மடங்குக்கு மேல் ஆகிறது. குளிர்நாட்டில் நாலு மணி நேரம் வரும் மணம் இங்கு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்ந்துபோகும். அதன்பின் சூடாவது வெறும் மெழுகே.

மின்னழுத்தமும் இத்துடன் சேர்கிறது. 220 வோல்ட் எனக் குறித்த கருவிக்கு, இரவில் சுமை குறைந்த நேரத்தில் 240 வோல்ட் வருகிறது என்போம். மின்தடை மாறாது எனக் கொண்டால், திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 240-ஐ 220-ஆல் வகுத்து வர்க்கம் கண்டால் 1.19. அதாவது வெப்பம் 19 விழுக்காடு கூடுகிறது. 45 பாகை உயர்வு ஏறத்தாழ 53 ஆகிறது. மெழுகு 88 பாகைக்குப் போகிறது. அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு கொண்டுவந்த 120 வோல்ட் வார்மரை 230 வோல்ட்டில் செருகினால் என்ன ஆகும் என்பதை நீங்களே கணக்கிடலாம். விடை 3.7 மடங்கு. அது புகையாமல் இருந்தால்தான் வியப்பு.

டீலைட்டின் திறனையும் கணக்கிடுவோம். 12 கிராம் மெழுகு நாலு மணி நேரம் எரிகிறது. மணிக்கு 3 கிராம். ஒரு கிராம் மெழுகு எரிந்தால் ஏறத்தாழ 42 கிலோஜூல் வெப்பம். 126 கிலோஜூலை 3600 விநாடியால் வகுத்தால் 35 வாட். இதில் பெரும்பகுதி பக்கவாட்டில் வீணாகிறது என்றாலும், 25 வாட் குண்டு பல்புக்கு உரிய சிறு கிண்ணத்தின் கீழ் இச்சுடரை நெருக்கி வைத்தால் மெழுகு கொதிக்கும் அளவுக்குச் சூடேறலாம். மாறாக, பழுதான குண்டு பல்புக்குப் பதிலாக 3 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டால் வெளிச்சம் வரும், மெழுகு உருகாது.

இனிக் காற்று. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குக் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்கள் வழியே பீறிட்டு வருவதைத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் வாழும் யாவரும் அறிவர். கயத்தாற்றிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் நிற்பது இக்காற்றை நம்பியே. அம்மாதங்களில் சன்னலைத் திறந்தால் டீலைட்டின் சுடர் ஓயாமல் ஆடும், கரும்புகை எழும். அதற்கு மெழுகைக் குறைப்பதோ கூட்டுவதோ மருந்தாகாது. மற்ற மாதங்களில் மின்விசிறியும் இதே வேலையைச் செய்கிறது. சன்னலை முற்றிலும் அடைத்தாலோ ஆவி அறைக்குள் தேங்கும். கருவியைக் காற்றின் பாதையிலிருந்து விலக்கி, எதிர்ப்புறச் சன்னல் ஒன்றைத் திறந்து வைப்பதே தக்கது.

ஆபத்தான மூன்று தீர்வுகள்

முதலாவது, நீர் விடுதல். நீர் மெழுகைவிட அடர்த்தி மிக்கது. ஆதலால் அடியில் போய்த் தங்கும். கிண்ணத்தின் அடி 100 பாகையைத் தாண்டியிருந்தால் அந்நீர் திடீரென ஆவியாகும். ஒரு பங்கு நீர் ஏறத்தாழ 1,700 பங்கு நீராவியாக விரிந்து, மேலிருக்கும் சூடான மெழுகைத் தூக்கி எறியும். கீழே சுடர் இருக்குமானால் தெறித்த துளிகள் தீப்பந்தாகும். நீர் விடச் சொன்ன அந்தத் தாள் உடனே திருத்தப்பட வேண்டியது. மெழுகு தீப்பற்றிவிட்டால், மின் இணைப்பைத் துண்டித்து, உலோக மூடியால் மூடிக் காற்றைத் தடுப்பதே வழி. நீரை அருகில் கொண்டு வரக் கூடாது.

இரண்டாவது, மணம் குறைந்தால் வாசனை எண்ணெயைச் சொட்டு சொட்டாக மேலே விடுதல். சில தாள்கள் எண்ணெயின் ஃபிளாஷ் பாயின்ட்டைக் குறிப்பிட்டு, அதுவரை புகையாது என உறுதி கூறுகின்றன. இது கருத்துப் பிழை. ஒரு சுடரைக் காட்டினால் எண்ணெயின் ஆவி நொடிப்பொழுது பற்றிக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலையே ஃபிளாஷ் பாயின்ட். அதற்கும் புகைவதற்கும் நேரடித் தொடர்பில்லை. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் மிகுந்துள்ள லிமோனீனுக்கு அது ஏறத்தாழ 48 பாகை. மெழுகில் சிறு பங்காகக் கலந்திருக்கும்போது அது அடங்கியிருக்கும். 80 பாகைக் கிண்ணத்தில் தனியே சொட்டினால் அடங்காது.

மூன்றாவது, நம் வீடுகளுக்கே உரியது: வார்மர் கிண்ணத்தில் கற்பூரத்தைப் போடுதல். கற்பூரம் திண்ம நிலையிலிருந்தே ஆவியாகும். ஏறத்தாழ 65 பாகையிலேயே அதன் ஆவி சுடரில் பற்றும். சுடரே இல்லாமல், கற்பூரத்துக்கென்றே செய்த மின்கருவி வேறு. கீழே டீலைட் எரியும் கிண்ணம் வேறு.

புகையும் மணமும்

இத்தீர்வுகளைவிட ஆழமான ஒரு தடை நம் பழக்கத்தில் இருக்கிறது. சாம்பிராணியும் குங்கிலியமும் தணலில் இட்டால்தான் மணக்கும். அங்குப் புகையும் மணமும் ஒன்றாகவே எழும். எனவே புகை மிகுந்தால் மணம் மிகும், கிருமி அழியும், கொசு ஓடும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. மணமெழுகு புகையும்போதும் பலர் அதைக் குறையாகக் கருதாமல் இருப்பது இதனால்தான். ஆனால் மணம் என்பது மூக்கை எட்டும் மூலக்கூறுகள். புகை என்பது நுரையீரலை எட்டும் துகள்கள். 2.5 மைக்ரான் அளவுக்குக் குறைந்த நுண்துகள்கள், காற்றில் 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்று உலக நல்வாழ்வு நிறுவனம் 2021-இல் வழிகாட்டியுள்ளது. மூடிய சிறு அறையில் புகையும் எப்பொருளும் இவ்வளவை எளிதில் கடக்கச் செய்யும். ஆஸ்துமா உள்ளவரும் கைக்குழந்தையும் இருக்கும் அறையில் இதற்கு இடம் தரலாகாது. புகை கண்ணுக்குத் தெரியாவிட்டால் காற்று தூயது என்றும் கொள்வதற்கில்லை. லிமோனீன் போன்றவை காற்றிலுள்ள ஓசோனோடு வினைபுரிந்து நுண்துகள்களையும் ஃபார்மால்டிஹைடையும் உண்டாக்கும்.

நல்ல தாள் எப்படி இருக்க வேண்டும்?

எண்கள் இருக்க வேண்டும். இந்த மெழுகு எத்தனை பாகையில் உருகும், எத்தனை பாகைக்கு மேல் போகக் கூடாது, கருவி எத்தனை வோல்ட், எத்தனை வாட், எந்த வெப்பநிலை அறையில் சோதிக்கப்பட்டது என்பவை அச்சிடப்பட வேண்டும். இது மிகையான கோரிக்கையன்று. ஒரு மெழுகுவர்த்தி எவ்வளவு கரி உமிழ்கிறது என்பதை அளப்பதற்கென்றே ஐரோப்பாவில் இ.என். 15426 என்னும் தரம் இருக்கிறது. அளக்க முடிந்ததை அச்சிடவும் முடியும்.

அடுத்து, ஆணைக்கு முன் கேள்வி வர வேண்டும். புகை வெண்மையா? வெப்பத்தைக் குறையுங்கள், கருவியை அணைத்து, மெழுகு மணமிழந்திருந்தால் மாற்றுங்கள். கருமையா? மெழுகைத் தொடாதீர்கள், திரியையும் காற்றையும் சுடருக்கும் கிண்ணத்துக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். நீலமும் கார நெடியுமா? அணைத்து, ஆறவிட்டு, கிண்ணத்தைத் துடைத்துப் புதிய மெழுகு இடுங்கள். சடசடக்கிறதா? அடுத்த முறை கிண்ணத்தை உலர்த்துங்கள். இந்த நான்கு வரிகள் அரைப்பக்கத்தில் அடங்கும். கூட்டச் சொல்வதும் குறைக்கச் சொல்வதுமான அந்த இரு தாள்களின் முரண்பாடும் இதில் மறைந்துவிடுகிறது. சூடு மிகுந்த சிறு கிண்ணத்தில் மெழுகு மிகக் குறைந்தால் அது விரைவில் சூடேறிப் புகையும். அங்குக் கூட்டுவது பலிக்கும். நிரம்பி வழிந்து கீழே சுடரில் சொட்டினால் குறைப்பது பலிக்கும். இரண்டும் பாதி உண்மைகள். காரணத்தைச் சொல்லாததால் இரண்டும் பயனற்றுப் போயின.

மாணவர்களே, இனிமேல் எந்தக் கருவி வாங்கினாலும் அதன் தாளை எறிந்துவிடாமல் ஒரு பென்சிலோடு அமர்ந்து படியுங்கள். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஏன் என்று எழுதுங்கள். உங்கள் இயற்பியல் பாடம் எத்தனை வரிகளுக்கு விடை தருகிறது என்று பாருங்கள். விடை கிடைக்காத வரிகளை உங்கள் ஆசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். தவறு என்று உறுதியாகத் தெரிந்த வரி இருந்தால், கருவியைச் செய்தவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நீர் விடச் சொல்லும் அந்த ஒரு வரி நீங்கினால்கூட, எங்கோ ஒரு வீட்டில் ஒரு குழந்தையின் முகம் தப்பும்.